குரல் முழுக்க நிற்கவில்லை, கலியாணமும் பேசுகிறார்கள்

வாசகர் கேள்வி:

"எனக்கு 27 வயது. யாழ்ப்பாணம் பட்டினத்தில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முதல் குரல்கள் கேட்கத் தொடங்கின. தெல்லிப்பழையில் கிளினிக்குக்குப் போய், இப்போது இரவில் றிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் போடுகிறேன். முன்பு நாள் முழுக்கக் கத்திய குரல்கள் குறைந்துவிட்டன, ஆனால் நிற்கவில்லை. ஒரு ஆண் குரல் நான் செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும். செத்துப்போன பெரியம்மாவின் குரல் ஏசும். கடையில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கூடுதலாக இருக்கும். அம்மா அயலுக்குத் 'தைரொயிட்டுக்கு மருந்து' என்று சொல்லி வைத்திருக்கிறா. கிளினிக் கொப்பியும் குளிசையும் அரிசிப் பெட்டிக்குள். ஆறு மாதமாக மாதவிடாய் வரவில்லை. இப்போது கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லக்கூடாது, கலியாணத்துக்கு ஒரு மாதம் முதல் குளிசையை நிற்பாட்டு என்று அம்மா சொல்கிறா. அப்பப்பா இறந்த பிறகு அப்பம்மாவுக்கும் அவருடைய குரல் கேட்டதாம், இது பரம்பரையில் ஓடுகிறது என்றும் பயப்படுகிறா. இந்தக் குரலோடு எப்படி வாழ்வது?"

பதில்:

தங்கச்சி, குளிசை பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிற்பாட்ட வேண்டாம். கலியாணத்துக்காகவும் வேண்டாம், விரதத்துக்காகவும் வேண்டாம்.

நிற்பாட்டினால் என்ன நடக்கும் என்பதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். விட்ட அடுத்த நாளே குரல் கூடுவது குறைவு. முதல் இரண்டு மூன்று கிழமை உடம்பு இலேசாக இருக்கும். காலையில் அசதி இருக்காது, முகம் தெளியும். "பார், மருந்து இல்லாமலே பிள்ளை நல்லா இருக்கிறாள்" என்று வீட்டில் சொல்லத் தொடங்குவார்கள். பிறகு நித்திரை குழம்பும். ஒன்றிரண்டு மாதத்தில், சிலருக்கு இன்னும் பிந்தி, குரல் பழைய பலத்தோடு திரும்பும். கலியாணத்துக்கு ஒரு மாதம் முதல் விட்டால் அது எந்த நேரத்தில் வந்து விழும் என்று கணக்குப் பாருங்கள். புது வீட்டில், என்ன நடக்கிறது என்றே தெரியாத மனிசருக்கு நடுவில் நீங்கள் தனியாக நிற்பீர்கள். நியூயோர்க்கில் முதல் முறை மனச்சிதைவு நோய் (இப்படிக் குரல்கள் கேட்கிற மனநோய்) வந்தவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தை விட்டவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது.

மருந்து போட்டும் கொஞ்சம் குரல் மிஞ்சியிருப்பது உங்கள் பிழை இல்லை. நாள் முழுக்கக் கத்தியது இப்போது பின்னேரத்துக்குள் சுருங்கியிருக்கிறது, அது பெரிய முன்னேற்றம். இந்த அளவு குரலோடு கற்பிக்கிறவர்கள், தைக்கிறவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முற்றாக நின்ற பிறகுதான் மற்றதெல்லாம் என்று காத்திருந்தால் வேலையும் சிநேகமும் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். ஆள் தனிக்கத் தனிக்க, குரலுக்கு இடம் கூடும்.

ஆனாலும் வைத்தியரிடம் கேட்க விசயம் இருக்கிறது. அதற்கு முன் நீங்களே ஒன்றை எண்ணிப் பாருங்கள்: போன மாதம் எத்தனை இரவு குளிசை தவறியது? அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைக்கிற வீட்டில், சொந்தக்காரர் யாராவது வந்து நிற்கிற நாட்களில் பெட்டியைத் திறக்க முடியாது. அது வைத்தியருக்குத் தெரியாவிட்டால் "4 மில்லிகிராம் போதவில்லை" என்று அளவைக் கூட்டுவார். போதாமல் இருப்பது மருந்தின் அளவு இல்லை, தவறாமல் போட்ட இரவுகள்தான். தவறிய எண்ணிக்கையை உள்ளபடி சொல்லுங்கள், யாரும் ஏசமாட்டார்கள். ஒரு இரவு மறந்தால் அடுத்த நாள் வழமையான அளவு மட்டும் போடுங்கள், இரட்டிப்பாகப் போடக்கூடாது.

ஒரு மருந்தைப் போதிய அளவில், தவறாமல், ஆறு கிழமையாவது போட்ட பிறகுதான் அது வேலை செய்ததா என்று தீர்மானிக்கலாம். அப்படி இரண்டு மருந்து பார்த்தும் குரல் உங்களை உலுப்பினால் குளோசபின் பற்றிக் கதைப்பார்கள். மிஞ்சிய குரல்களுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை, ஆனால் கண்டிப்பான மருந்து. வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க முதல் 18 கிழமை ஒவ்வொரு கிழமையும் இரத்தப் பரிசோதனை, அதன்பின் இடைவெளி கூடும் என்பது பொதுவான ஒழுங்கு. காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றைக்கே இரத்தம் பார்க்கவேண்டும். மலச்சிக்கலைப் பகிடியாக எடுக்கக்கூடாது, குடல் அடைத்து உயிராபத்தாகும். இரண்டு நாள் தவறிவிட்டால் பழைய அளவை அப்படியே தொடங்க முடியாது, வைத்தியர் திரும்ப 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்றுவார். ஒளித்து ஒளித்து மருந்து போடுகிற வீட்டில் குளோசபின் சரிவராது.

மாதவிடாய் நின்றது பெரும்பாலும் றிஸ்பெரிடோனால்தான். அது மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தைத் தடுக்கும்போது புரோலாக்டின் என்ற ஹோர்மோன் கூடும். பால் கொடுக்கிற தாய்மாருக்குக் கூடுகிற அதே ஹோர்மோன். சிலருக்கு மார்பில் பால் கசியும். வெட்கத்தில் சொல்லாமல் விடாதீர்கள், வருடக்கணக்கில் அப்படியே விட்டால் எலும்பு தேயும். புரோலாக்டினும் தைரொயிட்டும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் கேட்கலாம். அது எல்லாப் பெண்களுக்கும் செய்கிற ஒழுங்கு, மனம் நோக வேண்டாம். புரோலாக்டின்தான் காரணம் என்றால் அளவைக் குறைப்பார்கள், அல்லது அரிப்பிப்பிரசோல் போன்ற மருந்தைச் சேர்ப்பார்கள், அல்லது அதற்கு மாற்றுவார்கள். மாதவிடாய் திரும்பும். "இந்த மருந்தால் பிள்ளை பிறக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறை, இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்திரோல் நான்கையும் வருடம் ஒருமுறையாவது பாருங்கள்.

இனி நாளாந்தம் குரலைச் சமாளிப்பது.

குரல் வெளியிலிருந்து வருவதுபோல் கேட்டாலும், அது உருவாவதில் பேச்சுக்கான மூளைப் பகுதிகள் பங்கெடுக்கின்றன. நாங்கள் எல்லோரும் மனதுக்குள் கதைக்கிறோம். அந்த உள்பேச்சு "என்னுடையது" என்ற அடையாளம் இல்லாமல் வந்து சேர்வதுதான் குரல் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கங்களில் ஒன்று. அதனால்தான் வாயை வேறு வேலைக்கு விட்டால் குரல் தளரும். முணுமுணுத்துப் பாடுவது, எதிரில் உள்ள பொருட்களின் பெயரை மெல்லச் சொல்வது, 100இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்து எண்ணுவது எல்லாம் உதவும். தேவாரம் பாடமென்றால் வாய்விட்டுப் பாடுங்கள், மனதுக்குள் சொன்னால் பலன் குறைவு. கடையில் உங்களுக்கு வசதி கூட, கணக்கைச் சத்தமாக வாசித்துச் சரிபார்த்தால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள்.

சீலிங் ஃபான், தண்ணீர் மோட்டர், ஜெனரேற்றர் போன்ற ஒரே சீரான இரைச்சல் குரலுக்கு ஏணி கொடுக்கும். பலருக்கு அந்த இரைச்சலுக்குள்ளிருந்துதான் குரல் எழும்பும். மாறாக, காது கொடுத்துக் கேட்கவேண்டிய பேச்சு குரலை அமத்தும். வானொலி நாடகமோ செய்தியோ, வார்த்தைகள் விளங்கும் பாட்டோ ஒரு காதில் இயர்போனில் போடுங்கள். எந்தக் காது என்பது ஆளுக்கு ஆள் மாறும், இரண்டையும் பரீட்சித்துப் பாருங்கள்.

எது கூட்டுகிறது என்று பிடிக்க இரண்டு கிழமைக்கு ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். ஒரு வரி போதும். இப்படி:

செவ்வாய், பி.ப. 3.10. கடை, சனம் இல்லை, ஃபானுக்குக் கீழே. பெரியம்மா: "கணக்கு பிழை." சத்தம் 7. பில்லை வாய்விட்டு வாசித்தேன். பிறகு 4.

சத்தத்துக்கு 0 முதல் 10 வரை புள்ளி. இரண்டு கிழமை முடிய ஒழுங்கு தானாகத் தெரியும். உங்கள் மூன்று மணிக்கு நான் ஊகிப்பது இதுதான்: மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மந்தம், சனம் குறைவு, கை சும்மா, மேலே ஃபான். அந்த நேரத்துக்குப் பில் அடுக்குவது, சரக்கு எண்ணுவது என்று கையும் வாயும் சேர்ந்து ஓடுகிற வேலையை ஒதுக்கி வையுங்கள். மேசையை ஃபானுக்கு விலத்திப் போட முடியுமா என்றும் பாருங்கள்.

ஏசுகிற குரலோடு தர்க்கம் பண்ணினால் அது வளரும். கலைக்கப் பார்த்தாலும் வளரும். நேரம் குறித்துக் கொடுப்பது பலருக்குச் சரிவருகிறது: "இப்ப வேலை. ஏழு மணிக்கு வா, பதினைந்து நிமிசம் கேக்கிறன்" என்று அமைதியாகச் சொல்லிவிடுங்கள். ஏழு மணிக்கு உண்மையாகவே உட்கார்ந்து கேளுங்கள், பதினைந்து நிமிடத்தில் முடித்து எழும்புங்கள். சில நாட்களிலேயே யார் சொல்லி யார் கேட்பது என்பது மாறத் தொடங்கும். பஸ்சிலோ தெருவிலோ பதில் சொல்லவேண்டி வந்தால் போனைக் காதில் வைத்துச் சொல்லுங்கள், பார்ப்பவர்களுக்கு நீங்கள் போனில் கதைக்கிற ஒரு பிள்ளை. குரல் மிரட்டினால் அந்த மிரட்டலைத் திகதியோடு எழுதிவையுங்கள். "வெள்ளிக்கிழமை உன்ர வேலை போகும்" என்றது என்று வையுங்கள், சனிக்கிழமை கொப்பியைத் திறந்து பாருங்கள். நான்கைந்து முறை பொய்த்ததை உங்கள் கையெழுத்தில் கண்ட பிறகு அதன் அதிகாரம் இறங்கும்.

பெரியம்மாவின் குரலில் ஏன் வருகிறது என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. தான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியா ஆகிய மூன்று இடங்களில் குரல் கேட்பவர்களோடு கதைத்துப் பார்த்தார்கள். கலிபோர்னியாவில் பலருக்கு முகமறியாத, வன்முறையான குரல்கள். சென்னையில் பலருக்குச் சொந்தக்காரரின் குரல், அது வீட்டு வேலை ஏவும், ஏசும், புத்தி சொல்லும். குரல் நாங்கள் வளர்ந்த வீட்டின் பேச்சை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. பெரியம்மாவின் ஆவி வந்து நிற்கவில்லை, செய்வினையும் இல்லை.

நித்திரைதான் உங்கள் பெரிய காவல். இரவு எட்டரைக்குக் குளிசை, பத்துக்குள் படுக்கை. பதினொன்றுக்குப் போட்டால் காலையில் கடையில் கண் சொருகும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் விடியப் போகவேண்டாம், தேர், தீர்த்தம் என்று தெரிந்து போங்கள். சிவராத்திரிக்கு விழித்திருப்பதை உங்கள் நோய்க்காக விட்டுவிடுங்கள். கந்தசஷ்டி பிடித்தாலும் குளிசை தண்ணீரோடு போகவேண்டும். றிஸ்பெரிடோன் வெறும் வயிற்றிலும் வேலை செய்யும், ஆனால் பட்டினியும் நித்திரையின்மையும் சேர்ந்தால் குரல் கூடும் என்பதால் பகலில் ஒரு நேரமாவது சாப்பிடுங்கள். கஞ்சா யார் தந்தாலும் வேண்டாம்.

ஒரு மாற்றத்தை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டு பொறுத்திருக்கக்கூடாது. குரல் கட்டளையிடத் தொடங்கினால், "செத்துப்போ", "அவளை அடி" என்றால், அன்றைக்கே ஒருவருக்குச் சொல்லவேண்டும். தனியே படுக்கவேண்டாம். தோட்டத்துப் பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள பரசிற்றமோல் அட்டைகளையும் அம்மா எடுத்துப் பூட்டிவைக்கட்டும். கிணற்றடிக்கு இரவில் தனியே போகவேண்டாம். கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் கிளினிக் கொப்பியோடு வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 இலவச அம்பியூலன்ஸ். கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம். கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே சொருகி, தாடை இறுகினால் அதுவும் உடனே வைத்தியசாலைக்குரியது. அது மருந்தின் பக்கவிளைவு, ஊசி ஒன்றில் சீக்கிரம் விடும். அதைப் பேய் ஆடுகிறது என்று எண்ணி மந்திரிக்கக் கொண்டுபோகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

இனி மறைப்பு. அயலெல்லாம் அறியவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. "தைரொயிட்" என்று அம்மா அயலுக்குச் சொன்னதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. உங்கள் மருந்தையும் நித்திரையையும் தொடுகிறவர்களுக்குத்தான் தெரியவேண்டும். வீட்டிலிருப்பவர்கள், கடையில் ஒருவர், பிறகு கலியாணம் கட்டப்போகிறவர். குளிசையை அரிசிப் பெட்டியிலிருந்து எடுத்து உங்கள் அலுமாரிக்குள் வையுங்கள், அங்கே ஈரமும் படாது. கடை முதலாளிக்கு நோயின் பெயர் தேவையில்லை. "மாதம் ஒருக்கா கிளினிக் இருக்கு, அண்டைக்குப் பிந்தி வருவன், சனிக்கிழமை நிண்டு முடிச்சுத் தாறன்" என்றால் போதும். அவரை விட, பக்கத்து மேசையில் நம்பிக்கையான ஒரு அக்கா இருந்தால் அவருக்குச் சொல்வது கூடப் பயன்படும்: "நான் சத்தமா எண்ணத் தொடங்கினா ஒண்டும் கேளாதேங்கோ, ஒரு தேத்தண்ணி மட்டும் வாங்கித் தாங்கோ."

மாப்பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். ஒரே அறையில் படுக்கிற மனிசனுக்குத் தெரியாமல் ஒவ்வொரு இரவும் குளிசை போட முடியாது. மறைத்துக் கட்டிய பெண்கள் திரும்ப வருத்தத்தில் விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்: ஒளிக்க முடியாமல் முதலில் ஒருநாள் விடுவார்கள், பிறகு முழுக்க. பிறகு "ஏமாத்திப்போட்டினம்" என்ற கோபமும் சேரும். அந்தக் கோபம் நோயைவிடக் குடும்பத்தைப் பிரிக்கும்.

சொல்கிற நேரம், குறிப்புப் பொருந்தி, இரண்டு பேரும் ஓரிரு முறை நேரில் கதைத்த பிறகு, நாள் வைக்க முதல். தரகர் மூலம் சொல்லவேண்டாம், பாதி வழியில் அது வேறு கதையாகிவிடும். நீங்களே அவரிடம், இப்படி: "மூண்டு வருசமா ஒரு மனநோய்க்கு மருந்து போடுறன். சில நேரம் ஆக்கள் இல்லாமலே குரல் கேக்கும். வேலைக்குப் போறன், வீட்டுவேலை செய்யிறன். குளிசை தொடர்ந்து போடவேணும். விருப்பமெண்டா என்ர டொக்டரோட ரெண்டு பேருமாப் போய்க் கதைப்பம்." மன்னிப்புக் கேட்கிற குரலில் வேண்டாம். சில பேச்சுக்கள் இதோடு முறியும், அது நோகும். ஆனால் கேட்டபிறகும் டொக்டரைப் பார்க்க வருகிற மனிசன் உங்களுக்கு ஒருநாள் குளிசையை நினைவுபடுத்துவார்.

பிள்ளை பெற நினைக்கும்போது முதலே கிளினிக்கில் சொல்லுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தவுடன் பயந்து மருந்தைத் தாங்களாக நிறுத்துவது பெரிய பிழை. பிள்ளை பிறந்த முதல் கிழமைகள்தான் இன்னும் கவனம், நித்திரை துண்டு துண்டாக உடையும் காலம். துடக்குக் காலத்தில் வீட்டில் ஆள் நிற்கும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. அந்த ஆள் இரவில் பிள்ளையைப் பார்த்தால் நீங்கள் ஐந்தாறு மணித்தியாலம் ஒரே மூச்சாகப் படுக்கலாம்.

பரம்பரை பற்றி. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு அளவில் வருகிற மனச்சிதைவு நோய், தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் நூறில் பத்துப் பேர் அளவில் வரலாம். தொண்ணூறு பேருக்கு வராது. அப்பம்மாவுக்குக் கேட்டதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 1971இல் வேல்சில் ஒரு குடும்ப வைத்தியர் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டதில், பத்தில் நான்கு பேர் அளவில் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள், பத்தில் ஒருவருக்கு மேல் குரலையே கேட்டிருந்தார்கள். இங்கே காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை கேற்றடியில் கூப்பிட்டது கேட்டதாகச் சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். அது துயரம், மருந்து வேண்டிய நோய் இல்லை. வயதானவர்களுக்குக் கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கும்போது உருவங்கள் தெரிவதும், குடியைத் திடீரென்று நிறுத்தி இரண்டு மூன்று நாளில் பூச்சி ஊர்வதாகத் தெரிவதும், காய்ச்சலில் பிதற்றுவதும் வேறு வேறு காரணங்கள். குடியும் காய்ச்சலும் சம்பந்தப்பட்டவை அன்றைக்கே வைத்தியசாலைக்குரியவை.

அம்மாவுக்கு ஒரு சொல். அம்மா, நீங்கள் பயத்தில் செய்கிறீர்கள் என்று தெரியும். லண்டனில் வோன், லெஃப் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், குறை சொல்வதும் அளவுக்கு மிஞ்சிப் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் கூடிய வீடுகளில், கிழமைக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. அதனால் பிள்ளை வேலைக்குப் போவது நல்லது, மறிக்க வேண்டாம். "அப்பிடி ஒரு சத்தமும் இல்லை, நீயா நினைக்கிறாய்" என்று சொல்லாதேங்கோ. அவளுக்குக் கேட்கிறது. "இப்ப கேக்குதா? நான் என்ன செய்ய?" என்று கேளுங்கோ. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, நூல் கட்டுங்கோ, அதோடு குளிசையும் போகட்டும்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். கொப்பியில் எழுதிய இரண்டு கிழமை, தவறிய இரவுகளின் எண்ணிக்கை, கடைசியாக மாதவிடாய் வந்த திகதி மூன்றையும் வைத்தியரின் மேசையில் வைத்து, புரோலாக்டின் பரிசோதனைக்கான துண்டை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.